மூன்று பச்சைக் கோட்டுகள்

காப்பி நன்றாக இருந்தது. அரசு அலுவலகத்தில் இப்படி ஒரு காப்பி கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கொண்டுவந்து வைத்த உங்கள் ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள். பெயர் யாங்கோ என்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். இடது புருவத்தை நடுவில் வெட்டிக்கொண்டு போகும் பழைய தழும்பு, சிரிக்காதபோதும் சிரிப்பது போன்ற உதடு. ரோமாக்காரர்தானே, உங்கள் குடியிருப்பில், மஹலாவில், எந்தத் தெரு என்று கேட்டேன். மிளகாய்க் கிடங்குக்குப் பின்னால் என்றார். திரையில் நன்றாக எடுபடும் முகம். மன்னித்துக்கொள்ளுங்கள், தொழில் புத்தி.

என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நானாக வந்தேன். பெயர் நெவெனா ராய்கோவா, வயது அறுபத்திரண்டு. முப்பத்தைந்து வருடமாகச் சினிமாவுக்குத் துணை நடிகர்களைப் பிடித்துக் கொடுப்பதுதான் வேலை. இந்த ஊரில் எந்தப் படப்பிடிப்பு நடந்தாலும் கூட்டமும் பிணமும் என் அலுவலகத்திலிருந்துதான் போகும். ஒரு இரும்பு அலமாரி வைத்திருக்கிறேன். அதில் மூவாயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். சாம்பல் நிறத் திரைக்கு முன்னால் நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், நெஞ்சில் எண் எழுதிய சீட்டு. அந்த அலமாரியை நான் திறந்து பார்ப்பதே குறைவு. ஒரு முகத்தை ஒரு தடவை பார்த்தால் எனக்கு மறக்காது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ரோமா மக்களை, ஜிப்ஸி என்று ஊரே ஏளனமாகக் கூப்பிடும் அவர்களை, படங்களில் எப்படிக் காட்டுகிறார்கள் என்று நீங்களும் பார்த்திருப்பீர்கள். "ஐந்து திருடன் அனுப்பு, நல்ல கறுப்பா" என்று இயக்குநர்கள் போனில் சொல்வார்கள். நான் அனுப்புவேன். பல்கேரிய நடிகன் கதையில் ஒரு பெயரோடு வருவான், என் ஆட்கள் கத்தியோடு வருவார்கள். அவர்களில் மெத்தோதி என்று ஒருவன் பதினோரு படங்களில் செத்திருக்கிறான். என்னிடம் வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

"நெவெனா அக்கா, இந்தத் தடவ எத்தன மணிக்கு நான் சாகணும்? மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா? பின்னாடின்னா சொல்லுங்க, வயிறார சாப்பிட்டுட்டு சாவேன்."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் உள்ளுக்குள் வலிக்கும். இது உண்மை, அடித்துக் கேட்டாலும் மாற்றிச் சொல்ல மாட்டேன். இந்த நாட்டில் அவர்களுக்காக உள்ளுக்குள் வலித்தவர்களை விரல் விட்டு எண்ணலாம், அதில் நான் ஒருத்தி.

பத்து வருடத்துக்கு முன்னால் அந்தக் குற்றப் படம் வந்தது. துறைமுகத்தில் வரிசையாகக் கொலைகள், துப்பறியும் அதிகாரி ஒருவர். கதையை வாசித்ததும், அந்த அதிகாரியாக ஒரு ரோமாக்காரர்தான் நடிக்கவேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். இயக்குநர் முதலில் சிரித்தார்.

"அவன் யாரையாவது கைது பண்ணா ஜனங்க டிவியையே உடைப்பாங்க நெவெனா."

"உடைக்கட்டும். புது டிவி வாங்குவாங்க" என்றேன்.

ஒக்னியானை நான் கண்டுபிடித்தேன். டிராம் பணிமனையில் மெக்கானிக். ஓய்வு நேரத்தில் கலாசார மன்றத்து மேடையில் நடிப்பான். கேமராவுக்கு முன் அவன் சும்மா நின்றாலே போதும், பார்க்கிறவனுக்குத் தன் தப்பெல்லாம் ஞாபகத்துக்கு வரும். இயக்குநர் இறங்கி வந்தார். திரைப்பட நிதிக்குழு எல்லாப் பிரிவினருக்கும் இடம் கொடுக்கும் படங்களுக்குத்தான் உதவும் என்பதும் அவரை இறங்கி வர வைத்தது. அந்தக் குழுவுக்கு ஒரு உறுதிமொழி கொடுத்தோம்: ரோமா பாத்திரங்களில் ரோமாக்கள் மட்டுமே நடிப்பார்கள், யார் முகத்துக்கும் சாயம் பூசமாட்டோம். அதில் கையெழுத்துப் போட்டவள் நான். அந்த வாசகத்தை எழுதியதும் நான்தான்.

ஒரே ஒரு இடத்தில் இடித்தது. ஒக்னியானுக்கு டூப் வேண்டும். கூரை தாண்ட, கண்ணாடி உடைக்க. காப்பீட்டுக்காரர்கள் உரிமம் உள்ள சண்டைக்காரனைத்தான் ஏற்பார்கள். ரோமாக்களில் உரிமம் வைத்திருந்தவன் ஒருவனும் இல்லை. எப்படி இருப்பான், யார் பயிற்சி கொடுத்தார்கள்? ஆகவே கலோயானைப் போட்டோம். வெளுத்த பல்கேரியன், உடல்வாகு மட்டும் ஒக்னியான் மாதிரி. தினமும் காலையில் திரை போட்ட வேனுக்குள் அவனை உட்கார வைத்து முகம், கழுத்து, கை எல்லாம் பழுப்பு மேக்கப் போட்டார்கள். அந்த ஏற்பாட்டைச் செய்தது நான். முதுகைத்தானே எடுக்கப்போகிறோம் என்று சொன்னேன். அதிகாரி போடும் பச்சைக் கோட்டு, அகலக் காலர், முழங்கையில் தோல் ஒட்டு. அதில் மூன்று தைத்தார்கள். ஒன்று ஒக்னியானுக்கு, ஒன்று கலோயானுக்கு, ஒன்று ரத்தம் படும் காட்சிக்காகத் தனியாக. சினிமாவில் எல்லா உடுப்பும் இப்படித்தான், மும்மூன்றாக இருக்கும்.

அக்டோபர் ஒன்பதாம் தேதி, மதியச் சாப்பாட்டு நேரம். படப்பிடிப்பு நடந்த இடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளிப் பெட்டிக்கடை வைத்திருந்த வேனெத்தாவை யாரோ கடையின் இரும்புத் தண்டால் அடித்துக் கொன்றுவிட்டார்கள். சூரியகாந்தி விதையும் சிகரெட்டும் விற்ற கிழவி. எதுவும் களவு போகவில்லை. எதிர்வீட்டு ஜன்னலில் இருந்த பெண், பச்சைக் கோட்டு போட்ட கறுத்த ஆள் வெளியே ஓடினான் என்றாள்.

மறுநாள் தோனேவ் என் அலுவலகத்துக்கு வந்தார். இங்கே அப்போது குற்றப்பிரிவு அதிகாரி. எனக்குப் பழக்கமானவர். சட்டப்படி அடையாள அணிவகுப்பில் சந்தேக நபரோடு அவனைப் போலவே இருக்கும் மூன்று பேரையாவது நிறுத்தவேண்டும் இல்லையா? கறுத்த ஆட்கள் தேவைப்படும்போதெல்லாம் தோனேவ் எனக்குத்தான் போன் செய்வார். நான் அனுப்புவேன். அரை மணி நேரம் சுவரோரமாக நிற்பதற்குக் கூலி, என் ஆட்களுக்கு அதுவும் ஒரு வேலை. மெத்தோதி மட்டும் பதினான்கு தடவை நின்றிருக்கிறான்.

தோனேவ் மேசையில் ஒரு படத்தை வைத்தார். பக்கத்து மருந்துக்கடைக் கேமராவில் விழுந்தது. நிறமில்லை, பாதி மங்கல்.

"இவன் யாருன்னு பாரு. நீதான் அத்தன பேரையும் மூஞ்சி மூஞ்சியா தெரிஞ்சு வச்சிருக்கியே."

நான் பார்த்தேன். அகலக் காலர், முழங்கையில் தோல் ஒட்டு. ஒக்னியான் என்று எனக்குப் பட்டது. பட்டது என்ன, உறுதியாகத் தெரிந்தது. சாப்பாட்டு நேரத்தில் அவன் யாரோடும் உட்காரமாட்டான், வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு தெருக்களில் தனியாக நடப்பான்.

படப்பிடிப்பு இன்னும் இருபத்திரண்டு நாள் பாக்கி. யோசித்துப் பாருங்கள். திரையில் முதல்முறையாகக் குற்றவாளியைப் பிடிக்கும் ரோமாக்காரன், வெளியே ஒரு கிழவியைக் கொன்றான் என்று செய்தி வந்தால் என்ன ஆகும்? பத்திரிகைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். நாங்கள் அப்போதே சொன்னோமே என்பார்கள். அதன்பிறகு ஐம்பது வருடத்துக்கு அவர்களில் எவனுக்கும் கத்தியைத் தவிர வேறெதுவும் கையில் கொடுக்கமாட்டார்கள்.

"எங்க யூனிட்டு ஆளுங்க எல்லாம் அந்த நேரத்துல கூடாரத்துல சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க" என்றேன். பிறகு அலமாரியைத் திறந்தேன். ஒரு உறையை எடுத்து அவர் முன் வைத்தேன். "இவனா இருக்கலாம்."

அது மெத்தோதியின் உறை.

ஏன் அவன் என்று கேட்பீர்கள். உயரமும் தோள் அகலமும் ஒக்னியானோடு பொருந்தும், டூப் தேடியபோதே நான் அதைக் குறித்து வைத்திருந்தேன். தவிர, கூப்பிட்டால் வருவான். வீட்டுக்குப் போலீஸ் போனால் மஹலாவே தெருவில் இறங்கும், அதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று தோனேவிடம் சொன்னேன். மெத்தோதிக்குப் போன் செய்தேன். வழக்கம்போல அணிவகுப்பு வேலை, பத்து மணிக்கு வா என்றேன்.

குளிருக்கு மெல்லிய சட்டையோடு வந்தான். உடுப்பு வேனிலிருந்து ரத்தக் காட்சிக்காக வைத்திருந்த மூன்றாவது கோட்டை எடுத்துவந்து போடச் சொன்னேன். உடம்புக்குச் சரியாகப் பொருந்தியது. மூன்றாவது கோட்டைக் கையில் எடுத்தபோதும் இரண்டாவது யாரிடம் இருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. அந்தப் பிழையை ஒப்புக்கொள்கிறேன்.

"யக்கா, அதிகாரி கோட்டா? எனக்கா? இன்னிக்கு சாக வேணாமா?"

"இன்னிக்கு சும்மா நின்னா போதும்" என்றேன்.

ஜன்னல்காரப் பெண் அவனைக் காட்டினாள். நான்கு பேரில் பச்சைக் கோட்டு போட்டிருந்தவன் அவன் ஒருவன்தான். விலங்கு மாட்டியபோதும் அவன் சிரித்துக்கொண்டே இருந்தானாம். "போதும் சார், நல்லா நடிச்சுட்டீங்க, கூலியக் குடுங்க" என்றானாம். தோனேவ்தான் பிற்பாடு சொன்னார். அவருக்கும் அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லையாம்.

ஏப்ரலில் வழக்கு நடந்தது. மெத்தோதி ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். கொலை நடந்த மதியம் வேலை கேட்டு என் அலுவலகத்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தானாம். நான் இரண்டு தடவை அவனைத் தாண்டிப் போனேனாம். இரண்டாம் தடவை அவனுக்கு ஒரு துண்டு பனீட்சாகூடக் கொடுத்தேனாம். நெவெனா அக்காவைக் கேளுங்கள், அவர் யார் முகத்தையும் மறக்கமாட்டார் என்றான்.

அது உண்மைதான். பெஞ்சில் இருந்தான். பனீட்சாவும் கொடுத்தேன், பாலாடைக்கட்டி வைத்துச் சுட்டது.

என் சாட்சி வெள்ளிக்கிழமை. அதற்கு முன்னால் செவ்வாய்க்கிழமை ஆய்வுக்கூட அறிக்கையை வாசித்தார்கள். வேனெத்தாவின் வெள்ளைச் சட்டைக் கையில் பழுப்புக் கறை. கொழுப்பும் நிறப்பொடியும் கலந்த, முகப்பூச்சு போன்ற பொருள். அரசு கொடுத்த இலவச வழக்கறிஞர் அப்போது தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீதிபதி அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அந்த அறையில் அதைக் காதில் வாங்கியவள் நான் ஒருத்திதான். ஒக்னியானுக்கு நாங்கள் பழுப்புப் பூச்சு போட்டதே இல்லை. அவனுக்கு எதற்கு?

புதன்கிழமை காலையில் கலோயானை உடற்பயிற்சிக்கூடத்தில் போய்ப் பார்த்தேன். அவன் மறைக்கவில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவன் மாதிரி கொட்டிவிட்டான்.

"சிகரெட் கேட்டேன் அக்கா, அவ்வளவுதான். 'உங்க ஆளுங்களுக்கு இங்க ஒண்ணும் கெடையாது, ஜன்னல்லேருந்து கைய எடுடா நாயே'ன்னா. என்னப் பாத்து. என்னப் பாத்துங்க்கா."

"மேக்கப்புன்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே. ஒங்க சாதியே இப்படித்தான், பொய்யாப் பேசும்னு சிரிச்சா. உள்ள போயி முகத்துக்கு நேரா நின்னு, நல்லா பாருன்னேன். தள்ளிவிட்டா. அப்புறம் கையில எது கெடச்சதுன்னே தெரியல. எங்கப்பா ராணுவத்துல கர்னலு அக்கா. என்னப் போயி அவனுங்கள்ல ஒருத்தன்னு..."

அழுதான். எனக்கு அவனைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. இனவெறி பிடித்தவர்களை எனக்கு எப்போதுமே ஆகாது. கொன்றுவிட்டு நேராகப் படப்பிடிப்புக்குத் திரும்பி, கலைந்த பூச்சைச் சரிசெய்துகொண்டு, இரண்டரை மணிக்குக் கூரையிலிருந்து குதித்திருக்கிறான். அந்தக் குதி படத்தில் இருக்கிறது. அழகாக வந்திருக்கும்.

இப்போது எனக்கு எல்லாம் தெரியும். ஒக்னியான் ஒன்றும் செய்யவில்லை. அவனைக் காப்பாற்ற வேண்டிய தேவையே இருந்திருக்கவில்லை. மெத்தோதியும் ஒன்றும் செய்யவில்லை. வியாழக்கிழமை முழுவதும் யோசித்தேன். கலோயானைச் சொன்னால் பூச்சைச் சொல்லவேண்டும். பூச்சைச் சொன்னால் உறுதிமொழி பொய்யென்று ஆகும். நிதிக்குழு படத்தை முடக்கும், இனிமேல் இப்படி ஒரு படத்தை எவனும் தொடமாட்டான். ஒரு பக்கம் மெத்தோதி, இன்னொரு பக்கம் ஒரு மொத்த இனத்தின் முகம். நியாயமாக யோசிக்கிறவர்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை சாட்சிக் கூண்டில் ஏறினேன். கொலை நடந்த மதியம் குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள்.

"என் வராந்தாவுல தினமும் நிறைய பேர் உட்காருறாங்க. எனக்கு ஞாபகமில்ல" என்றேன்.

மெத்தோதி கோபப்படவில்லை. "யக்கா, பனீட்சா" என்றான். வகுப்பில் பதில் மறந்த பிள்ளைக்குக் கூட இருப்பவன் எடுத்துக் கொடுப்பானே, அந்தக் குரலில். "பனீட்சா குடுத்தீங்களே யக்கா." நீதிபதி அவனைப் பேசாமல் இருக்கச் சொன்னார்.

பதினெட்டு வருடம் கொடுத்தார்கள்.

படம் வெளிவந்தது. ஊரெங்கும் ஒக்னியானின் முகம் சுவரளவு பெரிதாக நின்றது. மஹலாப் பிள்ளைகள் அந்தச் சுவரொட்டியைத் தொட்டுப் பார்த்ததை என் கண்ணால் பார்த்தேன். எனக்கு ஒரு பாராட்டுப் பத்திரமும் கொடுத்தார்கள். அடுத்த இரண்டு வருடத்தில் ஒக்னியானுக்கு ஏழு படங்களில் அழைப்பு வந்தது. ஐந்தில் திருடன், இரண்டில் பிணம். இப்போது அவன் ஜெர்மனியில் இறைச்சி வெட்டும் ஆலையில் இருக்கிறான். ஒரு தடவை போன் செய்து, நெவெனா அக்கா எல்லாத்துக்கும் நன்றி என்றான். கலோயான் இந்த ஊரில்தான் இருக்கிறான், சண்டைப் பயிற்சிப் பள்ளி நடத்துகிறான். முகவரி எழுதித் தருகிறேன்.

மெத்தோதி இந்த ஜனவரியில் சிறை மருத்துவமனையில் இறந்தான். நெஞ்சுச் சளி என்றார்கள். சென்ற வாரம் அவன் மனைவி ஸ்லாவ்கா என்னைத் தேடி வந்தாள். நாற்பதாம் நாள் இரங்கல் தாள் அச்சடிக்க, வீட்டில் அவன் படம் ஒன்றுகூட இல்லையாம்.

"உங்க அலமாரில இருக்கும்னு வந்தேன். அதுல மட்டுந்தான் அவரு சிரிக்காம இருப்பாரு."

"நம்பர் என்ன?" என்றேன்.

"இருநூத்திப் பதினாலு." மனப்பாடமாகச் சொன்னாள். உறையை எடுத்து அப்படியே கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"சாகுற அன்னிக்குக்கூடச் சொன்னாரு. நெவெனா அக்காவுக்கு எப்படியும் நெனப்பு வந்துரும்டி, அவங்க ஒரு மூஞ்சியையும் மறக்க மாட்டாங்கன்னு. ஒங்கள ஒரு வார்த்த திட்டவிட மாட்டாரு."

மறுநாள் காலையில் என் வீட்டு வாசல் கதவில், குப்பைத்தொட்டி அருகே விளக்குக் கம்பத்தில், பேருந்து நிறுத்தத்தில், எல்லா இடத்திலும் அந்தத் தாள் ஒட்டியிருந்தது. தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. என் சாம்பல் திரை. வலது மூலையில் அதன் கிழிசல்கூடத் தெரிந்தது.

அதனால்தான் வந்தேன். தண்டனைக்கு நான் பயப்படவில்லை, நீங்கள் கொடுப்பதை வாங்கிக்கொள்கிறேன். ஸ்லாவ்காவுக்கு ஒன்று மட்டும் தெரியவேண்டும். நான் அவனை மறக்கவில்லை. கூண்டில் ஞாபகமில்லை என்று சொன்னேனே தவிர, இந்தப் பத்து வருடத்தில் ஒரு நாள்கூட அந்த முகம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள் என்று இந்த நாட்டில் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனி. என்மேல் எந்தக் குற்றம் வேண்டுமானாலும் எழுதுங்கள், அதை மட்டும் எழுதமுடியாது.

முறைக்காக அடையாளம் காட்டவேண்டும் என்கிறீர்கள். காட்டுகிறேன். ஆறு படங்கள், சரி. மெத்தோதியோடு மற்ற ஐந்தும் அக்கம்பக்கத்தில் கிடைத்தவர்களுடையதாக இருக்கும், அவசரத்தில் தோனேவும் அப்படித்தான் செய்வார்.

நான்காவது. யோசிக்கவே வேண்டியதில்லை. புருவத்தில் அந்த வெட்டைப் பாருங்கள். சிரிக்காதபோதும் சிரிக்கும் இந்த உதடு. இவன்தான் மெத்தோதி. எழுதிக்கொள்ளுங்கள்.

ஏன் எழுதாமல் கதவைப் பார்க்கிறீர்கள்? காப்பிக் கோப்பையை எடுக்கத்தானே அவர் வந்திருக்கிறார், எடுத்துப் போகட்டும்.

"அம்மா, அது என் படம்" என்கிறார் உங்கள் ஓட்டுநர்.

இந்த அறையில் வெளிச்சம் போதாது. விளக்கைக் கொஞ்சம் கிட்டே நகர்த்துங்கள், இன்னொரு தடவை பார்க்கிறேன்.